சிக்கனச் சமையலும் வீட்டு பேக்கிங்கும்: நீங்கள் கேட்டவை, நான் சொல்பவை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு சம்பளத்தில் நான்கு பிள்ளைகளை வளர்த்தவள் நான். அதில் 19 வருடம் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன். கேளுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை: அக்கா, கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. ரெசிபியைப் பார்த்துச் செய்தாலும் ஒரு நாள் நன்றாக வருகிறது, மறுநாள் சொதப்பிவிடுகிறது. எதிலிருந்து தொடங்கட்டும்?

தங்கச்சி, முதலில் ஒரு தராசு வாங்கு. 250 மில்லி கப்பில் சலித்த மாவைத் தளர்வாகப் போட்டால் 130 கிராம் இருக்கும். அதே கப்பைப் பைக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 160 கிராமைத் தாண்டும். இரண்டு பேரும் "ஒரு கப்" என்றுதான் சொல்வார்கள். உன் கையில் குறை இல்லை, அளவில்தான் குறை.

என் மாமியாரிடம் அளவுக் கரண்டியே கிடையாது, எல்லாம் கைப்பிடிதான். ஆனால் 30 வருடம் அதே பானை, அதே அடுப்பு, அதே கை. நமக்கு அந்த 30 வருடம் இன்னும் ஆகவில்லை, அதனால்தான் தராசு.

அப்புறம், வாரத்துக்கு ஒரு புது ரெசிபி என்று ஓடாதே. ஒரு பருப்பு, ஒரு பீன்ஸ் கறி, ஒரு பிரெட். இந்த மூன்றை மட்டும் ஆறு வாரம் திரும்பத் திரும்பச் செய். பிரெட்டுக்கு என் கணக்கு இது: வெள்ளை பிரெட் மாவு 1 கிலோ, உடனடி ஈஸ்ட் 10 கிராம் (கடையில் கிடைக்கும் சின்னப் பாக்கெட் ஒன்று), உப்பு 20 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 650 மில்லி. பத்து நிமிடம் நன்றாகப் பிசை. மூடி வைத்து, இரண்டு மடங்கு ஆனதும் இரண்டு டின்னில் போடு. மறுபடி உப்பியதும் அவனில் (பேக்கிங் அடுப்பில்) 200 டிகிரியில் 35 நிமிடம். அடியைத் தட்டினால் மத்தளம் போல் வெற்றொலி கேட்க வேண்டும்.

எவ்வளவு நேரம் உப்ப விடுவது என்று கடிகாரத்தைப் பார்க்காதே. டர்பனில் ஜனவரி கோடையில் மாவு 40 நிமிடத்தில் பொங்கிவிடும், ஜூலைக் குளிரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். விரலால் அழுத்து. குழி மெதுவாகப் பாதி நிமிர்ந்தால் அவனில் வைக்கலாம். சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் காத்திரு. நிமிரவே இல்லை என்றால் நேரம் கடந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் தண்ணீர், நேரம், வானிலை மூன்றையும் நோட்டில் எழுதிவை.

டோங்காட்டிலிருந்து: கரண்ட் செலவு தாங்கவில்லை. சுகர் பீன்ஸ் (புள்ளிபோட்ட உலர்ந்த பீன்ஸ்) வேக இரண்டு மணி நேரம் அடுப்பு எரிகிறது. வேறு வழி உண்டா?

உண்டு. லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் பல வீடுகள் கற்றுக்கொண்ட சூட்டுப்பெட்டிதான். பீன்ஸை முதல் நாள் இரவே ஊறவை. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, மூடிபோட்டு 20 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடு. கொதியோடு இறக்கி, அட்டைப்பெட்டியில் பழைய கம்பளியை அடியிலும் சுற்றிலும் மேலேயும் திணித்து உள்ளே வை. ஐந்து, ஆறு மணி நேரம் திறக்காதே. பானை முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், பாதிப் பானை சீக்கிரம் ஆறிவிடும். எடுத்ததும் மறுபடி ஒரு கொதி கொதிக்கவிட்டுத் தாளி.

தக்காளி, புளி இரண்டும் பீன்ஸ் மெத்தென்று வெந்த பிறகுதான். புளிப்பு முன்னே போனால் தோல் இறுகிவிடும், நாள் முழுக்க வைத்தாலும் வேகாது.

இதை எல்லோரும் படியுங்கள்: பீன்ஸை நன்றாகக் கொதிக்க வைக்காமல் சூட்டுப்பெட்டியிலோ ஸ்லோ குக்கரிலோ போடக்கூடாது. சிவப்பு கிட்னி பீன்ஸில் லெக்டின் என்ற நச்சு நிறைய உண்டு. சுகர் பீன்ஸும் அதே குடும்பம்தான். குறைந்தது 10 நிமிடம் முழுக் கொதியில் இருந்தால்தான் அது அழியும். அரைகுறைச் சூட்டில் அழியாது. சில மணி நேரத்திலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து படுக்க வைத்துவிடும்.

ஜோஹன்னஸ்பர்க், லெனேஷியாவிலிருந்து ஒரு தம்பி: அம்மாவின் டர்பன் கேக் ரெசிபியை அப்படியே செய்கிறேன். அவனில் நன்றாக எழும்பி, பிறகு நடுவில் குழிந்துவிடுகிறது. அம்மா வீட்டில் ஒரு நாளும் குழிந்ததில்லை.

தம்பி, அம்மா கடல் மட்டத்தில் செய்கிறார், நீ 1,600 மீட்டர் வாக்கில் உயரத்தில் செய்கிறாய். அங்கே காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடர் கிளப்பும் வாயு அளவுக்கு மீறி விரியும். மாவு வெந்து சுவராக நிற்பதற்குள் குமிழிகள் பெரிதாகி உடைந்துவிடும், நடு இறங்கிவிடும். தண்ணீரும் அங்கே 94 டிகிரி வாக்கிலேயே கொதிப்பதால் ஈரம் சீக்கிரம் ஆவியாகிறது.

அம்மாவின் ரெசிபியில் ஒவ்வொரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரிலும் கால் பங்கைக் குறை. ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி குறை. பால் இரண்டு மேசைக்கரண்டி கூட்டு. அவன் சூட்டை 10 டிகிரி ஏற்று. நான்கையும் ஒரே நாளில் செய்யாமல், முதலில் பேக்கிங் பவுடரை மட்டும் குறைத்துப் பார். பாதிச் சிக்கல் அதிலேயே தீரும். பீன்ஸ் வேக உனக்கு அதிக நேரம் பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

வெருலமிலிருந்து: கடையில் எதை வாங்கினால் வரி மிச்சம்?

பிரவுன் பிரெட், மீலி மாவு (மக்காச்சோள மாவு), சாம்ப் (உடைத்த மக்காச்சோளம்), அரிசி, உலர்ந்த பீன்ஸ், பருப்பு, முட்டை, பால், டின் பில்ச்சர்ட் மீன், சமையல் எண்ணெய், பச்சைக் காய்கறி, பழம் இவற்றுக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) கிடையாது. 2019 ஏப்ரலிலிருந்து கேக் மாவும் வெள்ளை பிரெட் மாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் கடையில் வாங்கும் வெள்ளை பிரெட்டுக்கு 15 சதவீதம் உண்டு. மாவுக்கு வரி இல்லை, அதில் சுட்ட பிரெட்டுக்கு உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், வீட்டில் சுடுவதற்கு அது ஒன்றே போதும்.

ஃபீனிக்ஸ் அண்ணன்: ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேருக்கு பிரேயாணி (பிரியாணிக்கு இங்கே சொல்லும் பெயர்). கோழி அரைக் கிலோதான் இருக்கிறது. எப்படி ஒப்பேற்றுவது?

தாராளமாகப் போதும் அண்ணா. கோழியை எலும்போடு சின்னத் துண்டுகளாக வெட்டி, புளித்த தயிரிலும் மசாலாவிலும் இரவே குளிர்பெட்டியில் ஊறவையுங்கள். அரிசி 600 கிராம், கறுப்பு மசூர் பருப்பு ஒரு கப், உருளைக்கிழங்கு நான்கு. மசூரைத் தனியாக வேகவைத்து, நசுக்கினால் நசுங்கும், தானாக உடையாது என்ற பதத்தில் வடியுங்கள். அரிசியை முக்கால் பதத்தில் வடியுங்கள். கோழி, உருளை, மசூர், அரிசி, வறுத்த வெங்காயம் என்று அடுக்கி, மூடியின் விளிம்பில் மாவு ஒட்டி, சிறு தீயில் முக்கால் மணி நேரம்.

உம்ஹ்லாங்காவிலிருந்து ஒருவர்: நான் சென்னைக்காரன், இரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். மன்னிக்கவும், பருப்பு போட்டால் அது பிரியாணியே இல்லை. கறி வாங்க முடியாதவர்கள் தட்டை நிரப்பச் செய்வதை ரெசிபி என்று சொல்லலாமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாத்தா: தம்பி, என் அம்மா கல்யாண வீடுகளுக்கு மரக்கட்டை அடுப்பில் பெரிய பாத்திரத்தில் பிரேயாணி போட்டவர். ஆட்டுக்கறி நிறைய இருந்த நாளிலும் மசூர் போட்டார். தட்டை நிரப்ப அல்ல.

உம்ஹ்லாங்கா: ஐயா, உங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை. பெயரைத்தான் சொல்கிறேன். வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமே.

தாத்தா சொல்வதுதான் நான் வளர்ந்த வீட்டிலும். தம்பி, கோபமில்லாமல் கேளுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதிலும் பின்னால் வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களுக்கு அரிசியும் பருப்பும் படி அளந்துதான் கொடுத்தார்கள். அந்தக் கைகளிலிருந்து வந்த சமையல் இது. பருப்பைத் தாழ்ந்த பொருளாக நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

சமையல் கணக்கிலும் மசூருக்கு வேலை இருக்கிறது. கோழியின் சாறும் தயிரும் கீழே தேங்கும்போது மசூர் அதை உறிஞ்சிக்கொள்ளும். அரிசி குழையாது, அடியும் பிடிக்காது. அரைக் கிலோ கோழியில் எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு சின்னத் துண்டுதான் வரும். உலர்ந்த மசூரிலோ 100 கிராமுக்கு 24 கிராம் வாக்கில் புரதம் இருக்கிறது. பிள்ளைகள் வயிறும் நிறையும், உடம்புக்கும் சேரும். அதைத் தட்டை நிரப்புவது என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பெயரைப் பற்றிப் பேசுங்கள்.

உம்ஹ்லாங்கா: வருகிறேன் அக்கா. சொன்ன விதம் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். பெயர் விஷயத்தில் மட்டும் என் கருத்து அதேதான்.

சரி, வாருங்கள். மற்ற கேள்விகளுக்குப் போகலாம்.

ஐசிபிங்கோ: அப்பாவுக்குச் சர்க்கரை. அவருக்கு எந்தப் பிரெட்?

இது கிளினிக்கில் உணவு ஆலோசகரிடம் கேட்க வேண்டியது, அம்மா. அவர் சாப்பிடும் மருந்தைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடாது.

டர்பன் வடக்கு: கேக் நடுவில் குழிகிறது. ஏன்?

நீங்கள் கடலோரம், அதனால் உயரம் காரணமல்ல. வேகும் முன் அவன் கதவைத் திறந்திருப்பீர்கள், அல்லது பேக்கிங் பவுடர் கூடியிருக்கும். முதல் 25 நிமிடம் கதவைத் தொடாதீர்கள்.

ஸ்டேங்கர்: புரட்டாசி வருகிறது. முட்டையில்லாமல் பிள்ளைகளுக்குக் கேக்?

கேக் மாவு ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், கோகோ கால் கப், சோடா உப்பு ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இவற்றைச் சலித்து, எண்ணெய் கப்பில் மூன்றில் ஒரு பங்கு, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, வெனிலா ஒரு டீஸ்பூன், தண்ணீர் ஒரு கப் ஊற்றி வேகமாகக் கலக்கி உடனே அவனில் வையுங்கள். 180 டிகிரி, 30 முதல் 35 நிமிடம். வினிகரும் சோடாவும் சேர்ந்த நொடியிலிருந்து வாயு கிளம்பிக்கொண்டிருக்கும், தாமதித்தால் அது வீண். முட்டை, பால், வெண்ணெய் எதுவும் வேண்டாம். புரட்டாசி முடிந்த பிறகும் எங்கள் வீட்டில் இதுதான் கேக்.

நியூகாஸில்: ஸ்லோ குக்கரில் ஊறாத கிட்னி பீன்ஸ் போட்டு வேலைக்குப் போகலாமா?

கூடாது. கூடவே கூடாது. மேலே தனியாக எழுதியிருக்கிறேன். ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, அடுப்பில் 10 நிமிடம் முழுக் கொதி. அதன் பிறகுதான் குக்கர்.

சாட்ஸ்வர்த்: தீபாவளிக்குப் பலகாரம் செய்து விற்கலாமா? அனுமதி வேண்டுமா?

வேண்டும். நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் கேளுங்கள்.

பெனோனி: கேக் நடுவில் இறங்குகிறது…

லெனேஷியா தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். நீங்களும் மேட்டுநிலம்தான்.

டர்பன் மேற்கு: கேக் எழும்பவே இல்லை. டப்பா திறந்து ஒரு வருடம் இருக்கும்.

கேக் பற்றி இதுவே கடைசி. ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரைச் சுடுதண்ணீரில் போடுங்கள். புஸ்ஸென்று நுரைக்கவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். டர்பன் ஈரக் காற்றில் திறந்த டப்பா சீக்கிரம் செத்துவிடும், சின்ன டப்பாவாக வாங்குங்கள்.

ஃபீனிக்ஸ், வயது 14: பெரியம்மா, நேற்று நீங்கள் சொன்ன பிரெட் செய்தேன். பக்கவாட்டில் பரவி, செங்கல் மாதிரி ஆகிவிட்டது. அம்மா மாவு வீண் என்கிறார்.

வீணாகவில்லை கண்ணா. அதை மெல்லிசாக வெட்டி, 100 டிகிரியில் மொறுமொறுவென்று காயவைத்து, பூரிக்கட்டையால் பொடித்து டப்பாவில் போடு. மீன் கட்லெட்டுக்கு அம்மா எடுத்துக்கொள்வார். இப்போது எனக்குச் சொல்: மாவைத் தராசில் வைத்தாயா? பையில் என்ன எழுதியிருந்தது, கேக் மாவா, பிரெட் மாவா? பரவியது என்கிறாய், அதனால் கேக் மாவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது அவ்வளவு தண்ணீர் தாங்காது. வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை மாவு 500 கிராம், ஈஸ்ட் பாதிப் பாக்கெட், உப்பு 10 கிராம், சர்க்கரை அரை மேசைக்கரண்டி, தண்ணீர் 290 மில்லி. ஒரு டின் போதும். அவனில் வைக்கும் முன் விரலால் அழுத்திப் பார்த்து, குழி எப்படி நிமிர்ந்தது என்று எனக்கு எழுது.