சீட்டில் உட்கார்ந்து எடுத்த அளவு போதுமா?

கேள்வி: கைவினைஞர் ஒருவர் என் உடலுக்கு அளவெடுத்துச் செய்து கொடுத்த சைக்கிள் தார்ச்சாலையில் சொகுசாக ஓடுகிறது. ஆனால் பாறையும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போது, முன்சக்கரத்தின் மேலாகத் தலைகுப்புற விழுந்துவிடுவேனோ என்று நடுங்குகிறேன். அளவுகளை அவர் இருமுறை சரிபார்த்தார். பிறகு தவறு எங்கே?

பதில்: அளவில் பிழை இருக்க வேண்டியதில்லை. எந்த நிலையில் எடுத்த அளவு என்பதைப் பாருங்கள். காலின் உட்பக்க நீளத்தை 0.883 ஆல் பெருக்கி, கிராங்க் அச்சிலிருந்து (பெடல்களைத் தாங்கும் கிராங்குக் கரங்கள் சுழலும் மையம்) சீட்டின் மேற்பரப்பு வரை அந்த உயரத்தை வைக்கும் பழைய கணக்கு, அமர்ந்து மிதிப்பவருக்கு நல்ல தொடக்கம்தான். கரடுமுரடான இறக்கத்தில் யாரும் அமர்வதில்லை. இரு பெடல்களையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, முழங்கால்களையும் முழங்கைகளையும் மடக்கி, நின்றபடியே இறங்குகிறோம். அப்போது உடலைத் தாங்குபவை பெடல்களும் கைப்பிடிகளும் மட்டுமே. சீட் வெறும் இடையூறு. ஆகவே, கிராங்க் அச்சிலிருந்து பிரேமின் முன்குழாயின் (ஹேண்டில்பார் திரும்புவதற்கு இடம்தரும் குழாய்) மேல்முனை கிடையாக எவ்வளவு தள்ளியிருக்கிறது (ரீச்), செங்குத்தாக எவ்வளவு உயர்ந்திருக்கிறது (ஸ்டேக்) என்ற இரண்டு அளவுகளே தடத்தில் உங்கள் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. அமர்ந்த நிலையை மட்டும் வைத்து வரைந்த பிரேமில் ரீச் குறைவாகவும் ஸ்டெம் (ஹேண்டில்பாரை முன்னே தாங்கிப் பிடிக்கும் துண்டு) நீளமாகவும் அமைந்துவிடுவது வழக்கம்; உங்கள் எடை முன்சக்கரத்தின் மேலேயே போய் நிற்கிறது.

முன்குழாயின் சாய்வையும், அதாவது தரைமட்டத்தோடு அது செய்யும் கோணத்தையும் கவனியுங்கள். முற்காலத்து மலைச் சைக்கிள்களில் அது 71 பாகை அளவில் இருந்தது. இன்றைய தடச் சைக்கிள்களில் 64 முதல் 66 பாகை வரை இருப்பது சாதாரணம். குழாய் படுக்கப் படுக்க முன்சக்கரம் உங்களைவிட்டு முன்னே நகர்வதால், கல்லில் மோதும்போது கவிழும் வாய்ப்பு குறைகிறது. மாறாக, மெதுவாக ஏறும்போது ஹேண்டில்பார் அலைபாயும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

பிரேமை மாற்றும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நன்கு பழகிய ஒரு சரிவில் சீட்டை முழுவதும் இறக்கிவிட்டு வந்து பாருங்கள். அச்சம் பாதியாகக் குறைந்தால், ஓட்டத்திலேயே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் கம்பம் ஒன்றே உங்கள் குறையைத் தீர்க்கக்கூடும். வாங்குமுன் சீட் குழாய்க்குள் எவ்வளவு ஆழம் நேராக இறங்க முடிகிறது என்று அளந்துகொள்ளுங்கள், தண்ணீர்ப் புட்டிக்கான ஆணித் துளைகள் சில பிரேம்களில் குறுக்கே நிற்கும். அடுத்து 90 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 50 மி.மீ. போட்டுப் பார்க்கலாம். ஆனால் அமர்ந்திருக்கும்போது இடம் நெருக்கமாகிவிட்டால், பிரேமின் ரீச்சே போதவில்லை என்று பொருள். அதற்கு ஸ்டெம்மில் மருந்து இல்லை.

நீளமான ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) போட்டால் சரியாகுமே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். 20 மி.மீ. நீளம் கூடினால் முன்குழாய் ஏறத்தாழ ஒரு பாகை படுக்கும், உண்மைதான். கூடவே கிராங்க் அச்சு உயரும், ரீச் இன்னும் குறையும், முன்குழாய் வெல்டிங்கின் மேல் விழும் சுமையும் கூடும். எந்த நீள ஃபோர்க்கை மனத்தில் வைத்துக் குழாய்களைத் தேர்ந்தார் என்பது கைவினைஞருக்கே தெரியும். அவரைக் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: உயர்ரக எஃகுக் குழாயில் செய்த பிரேம் ஸ்பிரிங் போல நெகிழ்ந்து கொடுக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. எஃகின் ரகம் மாறினால் அதன் வலிமை மாறும். விறைப்பு அநேகமாக மாறாது. விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் எல்லா எஃகுக்கும் 200 கிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கிறது. வலிமை மிகுந்த எஃகில் குழாயின் சுவரை மெல்லியதாக்க முடிகிறது என்பதுதான் ஆதாயம்: வெல்டிங் வெப்பம் படும் முனைகளில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. என்பதுபோல. நீங்கள் உணரும் நெகிழ்வு அந்த மெல்லிய சுவரிலிருந்தும் குழாயின் விட்டத்திலிருந்தும் வருகிறது. 55 கிலோ எடையுள்ளவருக்கும் 95 கிலோ எடையுள்ளவருக்கும் தொழிற்சாலை ஒரே குழாயைத்தான் கொடுக்கும். கைவினைஞர் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். என்னைக் கேட்டால், கையால் செய்த பிரேமின் முதன்மையான நியாயமே இதுதான். மெருகும் வண்ணமும் பிறகு. கலிபோர்னியாவின் மரின் பகுதியில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலையிலிருந்து உருட்டிவிட்டு உடைத்துக்கொண்டிருந்தவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ், 1977-இல் குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) குழாய்களால் மலைக்கென்றே பிரேம் செய்தபோது, முன்குழாயிலிருந்து பின்சக்கர அச்சு வரை இரட்டைக் குழாய்களை ஓடவிட்டார். உறுதிதான் அன்றைய தேவையாக இருந்தது. இன்னொன்று, அகலமான டயரில் காற்றை நான்கு பி.எஸ்.ஐ. குறைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு குழாயைப் பற்றி வாதிடுங்கள்.

கேள்வி: ஏறும்போது பெடல் அடிக்கடி கல்லில் இடிக்கிறது. 175 மி.மீ. கிராங்கை மாற்றலாமா?

பதில்: தாராளமாக 165-க்கு மாறலாம். பெடல் தரையிலிருந்து 10 மி.மீ. விலகும், அதே அளவு சீட்டையும் உயர்த்துங்கள். நெம்புவிசை ஆறு விழுக்காடு அளவில் குறைவதால், முன்பல்சக்கரத்தை 32 பல்லிலிருந்து 30 பல்லுக்கு இறக்கினால் ஏற்றத்தில் வேறுபாடு தெரியாது.