வாசலில் ஒரு கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து எழுதும் எழுத்துரு மாற்றி நிரல்களை, வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர் ஒன்றில் ஃபோர்ஜேயோ என்ற நிரல் பராமரிப்பு மென்பொருள் வழியாக வைத்திருக்கிறேன். நாளொன்றுக்குப் பத்துப் பேர் வந்தாலே அதிகம். ஆனால் சில மாதங்களாக சர்வர் மூச்சுத் திணறுகிறது. ஐபி முகவரிகளைத் தடுத்தால் புதிய முகவரிகளிலிருந்து வருகிறார்கள். அனூபிஸ் என்ற மென்பொருளை முன்னால் நிறுத்தச் சொல்கிறார்கள். அது என்ன செய்கிறது?
— ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் தளத்தில் பக்கங்கள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். 300 கோப்புகளும் 5,000 திருத்தங்களும் கொண்ட ஒரு களஞ்சியத்தில், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ஒவ்வொரு கோப்பும் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் இணைப்புகள் மட்டும் 15 லட்சம் வரை போகலாம். எந்த வரியை யார் எழுதினார், இரண்டு திருத்தங்களுக்கு இடையில் என்ன வேறுபாடு என்பவை தனி. இவற்றில் பெரும்பாலானவை எழுதி வைக்கப்பட்ட பக்கங்கள் அல்ல. யாரேனும் கேட்கும்போதுதான் சர்வர் வரலாற்றைக் கிளறி அவற்றை உருவாக்குகிறது. மனிதர் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கத் தரவு சேர்க்கும் பாட்களோ (தாமே இயங்கி வலைப்பக்கங்களைத் திறக்கும் நிரல்கள்) கண்ணில் பட்ட இணைப்பையெல்லாம் திறக்கின்றன. ஒரு முகவரியிலிருந்து ஓரிரு கோரிக்கைகளே வருவதால், முகவரியை எண்ணித் தடுக்கும் கருவிகளுக்கு அவை பிடிபடுவதில்லை. பாட்கள் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று தளத்தார் எழுதிவைக்கும், 1994 முதல் இணையம் மதித்துவந்த ரோபாட்ஸ் கோப்பை அவற்றுள் பல பொருட்படுத்துவதும் இல்லை.

அனூபிஸ் பிறந்ததே உங்களுடையதைப் போன்ற ஒரு தொல்லையில்தான். 2025 ஜனவரியில், நிரல்களின் திருத்த வரலாற்றைக் காக்கும் தம் சொந்த கிட் சர்வரை அமேசானின் பாட் திணறடித்ததால் ஒரு நிரலர் இதை எழுதினார். இறந்தவரின் இதயத்தை ஓர் இறகோடு எடை போட்டுப் பார்க்கும் எகிப்தியக் கடவுளின் பெயர் இதற்கு. இது கட்டற்ற மென்பொருள். ‘கோ’ மொழியில் எழுதப்பட்டது.

உலாவி என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் அனூபிஸ் ஒரு சொற்சரத்தைக் கொடுத்து, ‘இதன் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்து எந்தச் சரத்தையும் குறிப்பிட்ட நீள எண்ணாக்கும் ஷா-256 முறையில் சுருக்கினால், விடை நான்கு சுழியங்களில் தொடங்க வேண்டும், அந்த எண்ணைக் கண்டுபிடித்து வா’ என்கிறது. சுருக்கத்தின் விடை, 16 குறிகளால் எழுதப்படும் பதினாறடிமான எண் என்பதால், சராசரியாக 65,536 முறை முயன்றால்தான் அந்த எண் அகப்படும். அது சரியா என்று சோதிக்க சர்வருக்கு ஒரே முறை கணக்கிட்டால் போதும். விடை சரியானால் உலாவிக்கு ஒரு குக்கீ, அதாவது நுழைவுச் சீட்டைப் போன்ற ஒரு சிறு குறிப்பு, கிடைக்கும். வழக்கமான அமைப்பில் ஒரு வாரம் மறுபடி கணக்குக் கேட்காது. 2025 மார்ச்சில் லினக்ஸ் திரைமுகப்பை உருவாக்கும் நோம் திட்டத்தார் இதைத் தம் தளத்தில் நிறுவியபோது, இரண்டரை மணி நேரத்தில் வந்த சுமார் 81,000 கோரிக்கைகளில் 3 விழுக்காடே இந்த வாசலைத் தாண்டின என்று அறிவித்தனர்.

கேள்வி: முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர், அதன் பின்னால் அனூபிஸ், அதன் பின்னால் ஃபோர்ஜேயோ என்று, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக இயக்கும் டாக்கரில் அமைத்தேன். முதலில் 500 பிழை வந்தது. அதைச் சரிசெய்த பிறகும் சுமை குறையவில்லை.
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 500 பிழை வந்தது, வருபவரின் உண்மையான ஐபி முகவரியை என்ஜின்எக்ஸ் அனூபிஸுக்குச் சொல்லாததால் இருக்கும். எக்ஸ்-ரியல்-ஐபி என்ற தலைப்பை அனுப்பும் ஒரு வரி போதும், அதைச் செய்திருப்பீர்கள்.

சுமை குறையாததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது பின்வாசலை. டாக்கரில் ‘3000:3000’ என்று துறையை (போர்ட்) திறந்திருந்தால், ஃபோர்ஜேயோ வெளியுலகுக்கு நேரடியாகவே தெரியும். யுஎஃப்டபிள்யூ தடுப்புச் சுவர் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். டாக்கர் தன் விதிகளைத் தானே எழுதிக்கொண்டு அதைக் கடந்துவிடும். முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு, கொல்லைப்புறக் கதவைத் தாழிடாமல் விட்ட கதை இது. அதே கணினியிலிருந்து மட்டும் அணுகும்படி ‘127.0.0.1:3000:3000’ என்று மாற்றுங்கள். பிறகு வேறொரு இடத்திலிருந்து சர்வரின் முகவரியோடு 3000 என்ற எண்ணைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். பக்கம் வரக்கூடாது.

இன்னொன்று: குக்கீக்குக் கையொப்பமிடும் சாவியை நீங்களே உருவாக்கி அமைப்பில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை மறுதொடக்கம் செய்யும்போதும் அனூபிஸ் புதுச் சாவியை எடுத்துக்கொள்ளும்; நேற்றுக் கணக்குப் போட்டவர் இன்றும் போட நேரும்.

கேள்வி: பாட்களும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால்? மலிவான பழைய கைப்பேசி வைத்திருப்பவரை நாம் தண்டிக்கிறோமோ?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டுமே நியாயமான கவலைகள். பாட்களால் போட முடியும், போட்டும் விட்டன; அனூபிஸ் கேட்கும் விடையைக் கண்டுபிடித்து உள்ளே வரும் பாட்களைத் தாங்கள் காண்பதாக நிரல் களஞ்சியங்களை வைத்திருக்கும் கோட்பெர்க் தளம் 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தது. பெரிய தரவு மையத்தை வைத்திருப்பவருக்கு 65,536 முயற்சி ஒரு பொருட்டே அல்ல. கண்மூடித்தனமாக அள்ளிக்கொண்டு போகும் கூட்டத்தை, அதாவது குக்கீயை வைத்துக்கொள்ளாத, ஜாவாஸ்கிரிப்டை இயக்காத பாட்களை மட்டுமே இந்த வாசல் நிறுத்துகிறது. அந்தக் கூட்டமே பெருங்கூட்டமாக இருப்பதால்தான் இன்னமும் பயன் தருகிறது.

பாட்கள் உள்ளே வருகின்றனவே என்று கடினத்தை, அதாவது விடையின் தொடக்கச் சுழியங்களை, 4-இலிருந்து 5 ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன். முயற்சிகள் 16 மடங்காகிப் பத்து லட்சத்தைத் தாண்டும். தரவு மையம் அதை உணராது; பழைய கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, சுழலும் பட்டையைப் பார்த்துக் காத்திருக்கும் மாணவிதான் உணர்வார். நம் தளத்தை நாம் நடத்துவது அவருக்காகத்தானே? ஆகவே முகப்பையும் விளக்கக் கோப்பையும் கணக்கின்றித் திறந்துவிட்டு, சர்வரை வாட்டும் வேறுபாட்டுப் பக்கங்களுக்கும் வரலாற்றுப் பக்கங்களுக்கும் மட்டும் அனூபிஸின் விதிக் கோப்பில் கணக்கை வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டே தேவைப்படாத, சில நொடி காத்திருக்கச் செய்து பக்கத்தைப் புதுப்பிக்கும் சோதனை ஒன்றும் அதில் உண்டு; கைப்பேசி வாசகர் மிகுந்த தளங்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: இதை நிறுவினால் கூகுள் தேடலில் என் தளம் மறைந்துவிடுமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மறையாது. கூகுளின் பாட் நிரலை அதன் ஐபி முகவரிகளைக் கொண்டு சரிபார்த்து உள்ளே விடும் விதி, அனூபிஸோடு வரும் விதிகளிலேயே இருக்கிறது. பெயரை மட்டும் கூகுள் என்று வைத்துக்கொண்டு வருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் விதிக் கோப்பை நீங்களே புதிதாக எழுதினால், அந்த வரிகளைச் சேர்க்க மறந்துவிட வேண்டாம்.