9 வருடமாகப் போர்டிகோவில் நிற்கும் அப்பாவின் 1995 பஜாஜ் சேத்தக்கை மறுபடி ஓட வைக்க என்ன செய்யணும்? பெயிண்டில் தொடங்கலாமா?

பெயிண்டைக் கடைசியில் வையுங்கள். அதற்கும் முன்னால், கிக்கரில் காலை வைக்காதீர்கள். ரொம்ப நாள் நின்ற டூ ஸ்ட்ரோக்கை "ஒரு உதை உதைச்சுப் பார்ப்போமே" என்கிற ஆசை கெடுக்கிற அளவுக்குத் துருகூடக் கெடுப்பதில்லை.

இந்த 145.45 சிசி எஞ்சினில் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கும், அதை இயக்கும் சுழல்தண்டான கிராங்குக்கும் மசகு. 9 வருடத்தில் அது காய்ந்திருக்கும். வறண்ட பிஸ்டன் ரிங்கை இழுத்தால் சிலிண்டரின் உள்சுவரில் கோடு விழும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக 10 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். நகரவில்லையென்றால் டீசலும் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டையும் சிலிண்டரையும் இறக்கத்தான் வேண்டும்.

அடுத்து டேங்க். சீட்டைத் தூக்கி டேங்கை வெளியே எடுத்து, மிச்சமிருக்கும் பெட்ரோலைக் கொட்டிவிடுங்கள். அது பிசினாகியிருக்கும். உள்ளே துரு இருந்தால் வினிகரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள், பிறகு ஒரு கைப்பிடி சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். நட்டை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்! சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, உடனே கொஞ்சம் 2டி ஆயில் விட்டு உருட்டுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே துரு திரும்பும். பெட்ரோல் டியூபைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கும்.

கார்புரேட்டர் ஜெட்டில் கம்பி விடக்கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகி, சோக்கை விட்டதும் அணைந்தால் முதலில் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு ஓட்டை) அடைப்பைச் சந்தேகப்படுங்கள். பிளக் இடைவெளி 0.6 மி.மீ. பிளக் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். இதற்கு மரை நீளம் குறைவு (12.7 மி.மீ.). நீள மரைப் பிளக்கைப் போட்டால் பிஸ்டன் தலையில் இடிக்கும்.

இனி, இந்த வண்டியின் உயிர் இருக்கும் இடம்: கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ஆயில் சீல்கள். நின்ற இடத்திலேயே ரப்பர் காய்ந்து கட்டையாகும். மேக்னெட் (கிராங்கின் நுனியில் சுழலும் காந்தச் சக்கரம்) பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே போய், கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டுவிடும். ஐடிலிங் நிற்காது, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் தானாக இரையும், பிளக் வெளுத்திருக்கும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் கடைசியில் பிஸ்டனைச் சீஸ் ஆக்கிவிட்டுத்தான் (சிலிண்டரில் இறுக வைத்துத்தான்) நிறுத்துவார்கள். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும். புகை அடர்த்தியாக வரும், பிளக் எண்ணெயில் நனையும், கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும். சில வண்டிகளில் நேர்மாறாகக் கியர் ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கும்.

மேக்னெட் பக்கச் சீலை எஞ்சினைப் பிரிக்காமலே மாற்றலாம். மேக்னெட்டைப் புல்லர் போட்டுத்தான் கழற்ற வேண்டும், விளிம்பில் சுத்தியல் பட்டால் வளைந்துவிடும். உள்ளே காயில் பிளேட்டைக் கழற்றும் முன் பிளேட்டிலும் எஞ்சின் கேஸிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள், டைமிங் அதில்தான் இருக்கிறது. கிளட்ச் பக்கத்துக்குக் கேஸைப் பிரித்தே ஆகவேண்டும். பிரித்தால் கிராங்க் பேரிங்குகளையும் மாற்றிவிடுங்கள். பிரிப்பவரிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: இந்த எஞ்சினில் கிராங்கின் சுழலும் விளிம்பே பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வ். அது உரசிச் செல்லும் அலுமினியப் பரப்பில் ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பினால் கேஸே வீண். 9 வருடம் நின்ற வண்டிக்கு முழுதாகப் பிரிப்பதே சரி என்பேன். பட்ஜெட் இடிக்கிறதா? மேக்னெட் பக்கம் மட்டும் மாற்றி, 100 கிலோமீட்டர் ஓட்டியபின் கியர் ஆயிலை முகர்ந்து பாருங்கள்.

கியர் ஆயில் எஸ்ஏஇ 30, லெவல் ஓட்டையில் வழியும் வரை. கெட்டியான 90 ஊற்றாதீர்கள், கிளட்ச் பிளேட்டுகளும் அதே ஆயிலில்தான் குளிக்கின்றன. நின்ற வண்டியில் அந்தப் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை அணைத்து, மூன்றாம் கியரில் கிளட்சை அழுத்திப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் விட்டுவிடும். கியர் நழுவினால் முதலில் இரண்டு கியர் கேபிள்களையும் சரிசெய்யுங்கள். பிறகும் இழுவையில் இரண்டாம் கியர் துள்ளினால், உள்ளே கியரைப் பிடிக்கும் சிலுவை வடிவத் துண்டு தேய்ந்திருக்கிறது. அதற்கும் எஞ்சினைப் பிரிக்க வேண்டும், ஆகவே பிரிக்கும்போதே பார்த்துவிடுவது லாபம். கேபிள் மாற்றும்போது பழையதன் நுனியில் மெல்லிய கம்பி கட்டி உருவுங்கள். பாடிக்குள் வழி தொலைந்தால் அரை நாள் போய்விடும்.

பெட்ரோலுக்கு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில். ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்திருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்கு 30 மில்லி ஊற்றி, வேகத்தை 40-க்குள் வையுங்கள். நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடுங்கள்.

டயர் 3.50-10. பட்டன் தேயவில்லை என்று பழையதையே ஓட்டாதீர்கள், பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கும். ரிம் இரண்டு பாதியாக நட்டுகளால் இணைந்தது. காற்றை முழுக்க இறக்காமல் அந்த நட்டுகளைத் தொட்டால் பாதி ரிம் முகத்துக்குப் பறந்து வரும். காற்று முன்னால் 18 பி.எஸ்.ஐ., பின்னால் 25, இருவர் போனால் பின்னால் 35.

இப்போது பெயிண்டுக்கு வரலாம். இது முழுக்கத் தகரப் பாடி. கால் வைக்கும் தளத்தில் ரப்பர் பட்டைக்கு அடியிலும் ஸ்டாண்ட் மாட்டும் இடத்திலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வெல்டு செய்ய வேண்டும். பட்டி பூசி மறைத்தால் ஒரே மழைக்காலத்தில் பெயர்ந்து வரும். சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் கிரைண்டர் படவே கூடாது, ஆர்டிஓ-வில் அதைத்தான் முதலில் தேடுவார்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

ஆர்.சி. 15 வருடத்தில் முடிந்திருக்கும். புதுப்பிக்கப் படிவம் 25, ஒவ்வொரு முறையும் 5 வருடம். அப்பா இல்லையென்றால் படிவம் 31-ஐயும் வாரிசுச் சான்றையும் கொடுத்துப் பெயர் மாற்றம்.

உதிரிபாகம் ஆன்லைனில் தேடும்போது "டூ ஸ்ட்ரோக்" என்று சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் 2020-ல் வந்த எலெக்ட்ரிக் சேத்தக்தான் வரிசையாக வரும். சென்னையில் இருந்தால் புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழைய ஒரிஜினலுக்குப் புதுப்பேட்டை. எங்கே போனாலும் பழைய பாகம் கையில் இருக்கட்டும்.