டிராக்குக்கும் ஆபீஸுக்கும் ஒரே அலைன்மென்ட் போதுமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். தினமும் அவிநாசி ரோட்டில் ஆபீஸ் ஓட்டம், வருடத்தில் மூன்று நான்கு முறை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்). போன முறை ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் இரண்டு முன் டயர்களிலும் வெளி ஓரம் மொட்டையாகிவிட்டது. நடுப் பட்டன் புதுசு மாதிரி இருக்கிறது. கேம்பரை, அதாவது சக்கரத்தின் தலை சாயும் கோணத்தை, மைனஸ் 3 டிகிரி (உள்பக்கமாக) வைக்கச் சொல்கிறார் நண்பர். அப்படி வைத்தால் ஆபீஸ் ஓட்டத்திலேயே உள் ஓரம் தேய்ந்துவிடும் என்கிறார் டயர் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது? கேம்பர் போல்ட் வாங்கலாமா?

பதில்: மைனஸ் 3 உங்களுக்கு வேண்டாம். முன்பக்கம் மைனஸ் 1.5 முதல் 2 வரை கேம்பர் வையுங்கள், டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன் நுனி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்ஜியத்தில் நிறுத்துங்கள். அந்த ஒரே செட்டிங்கில் ஆபீஸும் போகலாம், டிராக்கிலும் ஓட்டலாம். கேம்பர் போல்ட் தாராளமாக வாங்கலாம்.

உங்கள் வண்டியின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும்) அமைப்பு. வேகமாக வளைக்கும்போது பாடி சாய்கிறது. அதோடு சேர்ந்து வெளிப்பக்கச் சக்கரத்தின் தலையும் வெளியே சாய்ந்துவிடுகிறது. கம்பெனி செட்டிங்கில் சக்கரம் கிட்டத்தட்ட நேராகத்தான் நிற்கும். அதனால் வளைவில் முழு பாரமும் டயரின் வெளி ஓரத்தில் விழுகிறது. ஓரம் தேய்வதோடு போவதில்லை. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு திரும்பாமல் வண்டி வெளியே தள்ளிக்கொண்டு போவதற்கும் முக்கியக் காரணம் இதுதான். சக்கரத்தின் தலையை முன்கூட்டியே கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்தால், வளைவில் பாடி சாயும் நேரத்தில் டயர் பட்டையாகத் தரையில் உட்காரும். மைனஸ் கேம்பர் செய்யும் வேலை இவ்வளவே.

அப்படியானால் மைனஸ் 3 ஏன் கூடாது? டிராக்குக்கு மட்டும் ஓடுகிற வண்டிக்கு, ஒட்டும் டயர் போட்டிருந்தால், அது நியாயமான எண்தான். நீங்கள் ஓட்டும் தூரத்தில் பெரும்பங்கு நேர்ச் சாலை. அங்கே உள் ஓரம் மட்டுமே பாரம் தாங்கும், மழையில் அவசர பிரேக் அடிக்கும்போதும் பிடிப்பு குறையும். இன்னொரு சிக்கலும் உண்டு. போல்ட்டை மட்டும் மாற்றி அவ்வளவு கேம்பர் கிடைக்காது, ஒரு சக்கரத்துக்குச் சுமார் ஒன்றரை டிகிரிதான் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட்டை எடுத்துவிட்டு கேம்பர் பிளேட் போட வேண்டும். ரப்பர் இருந்த இடத்தில் இரும்பு பேரிங் வந்து உட்காரும். நம் ஊர்ப் பள்ளங்களில் அது தட்டும் சத்தம் உங்களைச் சீக்கிரமே வெறுக்க வைத்துவிடும்.

இனி டோ. டயரைத் தின்பது கேம்பர் என்றே பலரும் நினைக்கிறார்கள். மைனஸ் 1.5 வரை, டோ சரியாக இருந்தால், தேய்மானம் மெதுவாகத்தான் நடக்கும். டயரை அதிவேகமாகக் காலி செய்வது தப்பான டோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 அங்குல ரிம்மில் இரண்டு சக்கரமும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் டோ தப்பாக இருந்தால், ஒவ்வொரு டயரும் கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பி நிற்கிறது என்று அர்த்தம். ஒரு கிலோமீட்டர் நேராக ஓடினால் அந்த டயர் கிட்டத்தட்ட 4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. அதோடு மைனஸ் கேம்பரும் சேர்ந்தால் அத்தனை உரசலும் உள் ஓரத்தில்தான். கடைக்காரர் பார்த்த வழுக்கை டயர்களில் பாதிக்குமேல் இப்படி வந்தவையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

சிலர் டிராக்குக்காக முன்பக்கம் டோ-அவுட் (சக்கரங்களின் முன் நுனி வெளியே பார்க்கும்படி) வைப்பார்கள். ஸ்டீயரிங் தொட்டதும் மூக்கு சுறுசுறுப்பாகத் திரும்பும், உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலையில் வண்டி நிலையில்லாமல் அலையும். டிராக்குக்கு மட்டும் ஓடும் வண்டி என்றால் 1 மில்லிமீட்டர் வைத்துப் பார்க்கலாம். உங்களுக்குப் பூஜ்ஜியமே போதும். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் இரும்புக் குறுக்குச் சட்டம்), கடை மெஷினில் திருப்ப அங்கே எதுவுமில்லை. ஆனால் ரீடிங் மட்டும் கட்டாயம் வாங்குங்கள். பின்னால் டோ-அவுட் காட்டினால் பீமோ ஹப்போ (சக்கரம் மாட்டும் பாகம்) அடிபட்டிருக்கலாம். வளைவில் வால் பிய்த்துக்கொண்டு போகும். அதைச் சரி செய்யாமல் டிராக்குக்குப் போகாதீர்கள்.

கேம்பர் போல்ட் என்பது ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாகப் போடும், நடுவில் கேம் (மையம் விலகிய வட்டு) வைத்த போல்ட். உங்கள் வருட மாடலுக்கென்று குறிப்பிட்டு விற்பதை மட்டும் வாங்குங்கள். "எல்லா வண்டிக்கும் செட் ஆகும்" என்று கொடுப்பது வேண்டாம். எந்தத் துளையில் போடுவது, எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) என்பது பாக்கெட்டில் அச்சிட்டு இருக்க வேண்டும். ஒரிஜினல் போல்ட்டைவிட இதன் தண்டு மெல்லியது. இன்னும் ஒரு இழுப்பு என்று கை மதிப்பில் முறுக்கினால் உடையும், தளர்வாக விட்டால் டிராக் ஓரக் கெர்ப்பில் ஏறும்போது நழுவும். டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முறுக்கிய பிறகு போல்ட் தலையையும் ஸ்ட்ரட்டையும் சேர்த்து பெயின்ட்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். டிராக்கில் ஓட்டிவிட்டு இறங்கியதும் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அலைன்மென்ட் கடையில் முதலில் நான்கு டயரிலும் காற்று சரி பார்க்க வேண்டும். பிறகு கேம்பர், கடைசியாகத்தான் டோ. கேம்பரை நகர்த்தினாலே டோ மாறிவிடும், முன்னதாகச் செய்த டோ வீண். மெஷின் திரையில் பச்சை வந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள், ஆனால் அந்தப் பச்சை கம்பெனி அளவுக்கானது. உங்கள் மைனஸ் 1.8 சிவப்பில்தான் காட்டும். அதனால் வேண்டிய எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். இடது வலது வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முடிந்தால் நீங்களே டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ரீடிங் எடுக்கச் சொல்லுங்கள்.

வைத்த கேம்பர் போதுமா என்று டிராக்கிலேயே சோதிக்கலாம். முன் டயரின் வெளி ஓரத்தில், பட்டனிலிருந்து பக்கச் சுவர் வரை சாக்பீஸால் கோடு கிழியுங்கள். நாலு சுற்று வேகமாக ஓட்டி வந்து பாருங்கள். கோடு பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது. முதலில் காற்றைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், அப்புறமும் அப்படியே என்றால் கேம்பர் போதவில்லை. ஊசி வைத்த டயர் தெர்மாமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. உள் ஓரம் வெளி ஓரத்தைவிட 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருப்பது சரியான அளவு. வெளி ஓரம் அதிகச் சூடு என்றால் இன்னும் மைனஸ் வேண்டும். சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகும் எண்ணம் இருந்தால் அங்கே தனியாகச் சோதியுங்கள். சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம், வேகமான நீண்ட வளைவுகள். செட்டிபாளையத்தில் போதுமாக இருந்தது அங்கே போதாமல் போகலாம்.

கேள்வி: அலைன்மென்ட் செய்யப் போனேன். "கேம்பர் அவுட்" என்று சொல்லித் தனிக் கட்டணம் கேட்டார்கள். கொடுத்தேன். பிறகு வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கேம்பர் திருத்தத்துக்கு வழியே இல்லாத வண்டியில், ஹைட்ராலிக் கருவியை மாட்டி ஸ்ட்ரட்டையோ நக்கிளையோ வளைத்து எண்ணைக் கொண்டுவருவது பல கடைகளில் நடக்கிறது. இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வளைந்த இரும்பு பலவீனமான இரும்பு. கேம்பர் உண்மையிலேயே மாறியிருந்தால் காரணம் தேய்ந்த லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் ரப்பர்), பால் ஜாயின்ட், அல்லது பள்ளத்தில் அடிபட்டு வளைந்த பாகம். அதை மாற்றுவதுதான் வைத்தியம்.

செய்வதற்கு முன், செய்த பின் என இரண்டு பிரின்ட்-அவுட்டையும் கேளுங்கள். தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். நம் சாலைகள் இடது ஓரம் சரிந்திருக்கும், லேசான இழுப்புக்கு அதுவும் காரணமாகலாம். சமதளமான இடத்தில் ஓட்டிப் பார்த்து, அப்போதும் இழுத்தால் வேறு பட்டறையில் ரீடிங் எடுத்து அந்தத் தாளோடு திரும்பப் போங்கள். பேசித் தீரவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கேள்வி: டிராக் டேயில் வண்டி மோதினால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்துவது வழக்கமான மோட்டார் பாலிசியில் விலக்கப்பட்டிருக்கிறது. பாலிசியில் "பயன்பாட்டு வரம்புகள்" என்ற பகுதியைப் படியுங்கள். வாரன்டி இருக்கும் வண்டி என்றால், கேம்பர் போல்ட் போடுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.