வண்டியைத் தூக்கலாம், பைக்கை என்ன செய்வது?

கேள்வி: அண்ணாச்சி, சாயங்காலமானால் பாளையங்கோட்டை ரோட்டில் நடக்க வழியில்லை. காளான், பானிபூரி, மோமோ என்று திரும்பின பக்கமெல்லாம் தள்ளுவண்டி. சுத்தமும் கிடையாது, நம்ம ஊர்ச் சாப்பாடும் அழிகிறது. வீட்டில் பெண்கள் சமைப்பதை விட்டதால் வந்த வினை. மாநகராட்சி இவற்றை மொத்தமாக அப்புறப்படுத்தினால் என்ன?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: போன வாரம் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் ஒரு வண்டியின் எதிரில் நின்று எண்ணிப் பார்த்தேன், அண்ணாச்சி. வண்டி பிடித்திருந்த இடம் ஒரு கட்டில் அளவு. அதைச் சுற்றிப் பதினான்கு பைக், இரண்டு கார். ஒரு காரில் ஏசி ஓடிக்கொண்டிருக்க, உள்ளிருந்தே ஒருவர் 'ரெண்டு பிளேட்' என்று விரலைக் காட்டினார். ரோட்டை அடைத்தது யார்? வண்டியைத் தூக்கிவிடலாம். பைக்கில் வந்தவருக்குப் பசித்தால் அடுத்த முக்கில் இன்னொரு வண்டி முன்னால் நிறுத்துவார்.

'மொத்தமாக அப்புறப்படுத்த' மாநகராட்சி நினைத்தாலும் முடியாது. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. முதலில் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது முடியும்வரை யாரையும் கிளப்பக் கூடாது. அதன்பிறகு இடம் மாற்றுவதானாலும் முப்பது நாள் நோட்டீஸ். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதைப் பேச ஒரு நகர விற்பனைக் குழு. அதில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும், அந்த நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் கொடுக்கவும் சட்டம் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் நம் திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை 4,73,000 சொச்சம். அப்படியானால் ஏறத்தாழ 11,800 பேருக்கு இடம் உண்டு. காய்கறி, பூ, செருப்பு தைப்பவர் எல்லாரும் இதில் அடக்கம். ஆகவே, 'எப்போது தூக்குவீர்கள்' என்று கேட்பதை விட்டு, 'எங்கள் வார்டில் கோடு எங்கே போட்டீர்கள்' என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். அவருக்கும் கொஞ்சம் வியர்க்கட்டும்.

சுத்தம் என்றீர்களே, அதில் நான் உங்கள் கட்சி. நயினார்குளம் மார்க்கெட்டில் விடியலில் நல்ல முட்டைகோசாகப் பார்த்து வாங்குகிற அதே ஆள், சாயங்காலம் அதை முந்தாநாள் எண்ணெயில் போடுகிறார். சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, காய்வதற்கு முன்பே புகைந்தால் அது கொட்ட வேண்டிய எண்ணெய். கண்ணைப் பறிக்கும் சிவப்பில் காலிஃபிளவர் இருந்தால் நகர்ந்துவிடுங்கள், மிளகாய்க்கு அந்த நிறம் வராது. சூடான வடையை நியூஸ் பேப்பரில் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அச்சு மையும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். (பத்திரிகைக்காரன் சொல்கிறேன், நம்பலாம்.) உணவு பொதியும் பிளாஸ்டிக் தாளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆனால் தட்டின் மேல் அதை விரித்து, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கச் சால்னா ஊற்றுகிறார்கள். நாமும் 'தட்டு கழுவுகிற தண்ணீரை நினைத்தால் இதுவே தேவலை' என்று சாப்பிடுகிறோம். அந்தத் தெருமுனையில் ஒரு குடிநீர்க் குழாய் வைத்துக் கொடுத்தால் அரைவாசிப் பிரச்சினை தீரும். ஒரு வாளித் தண்ணீரில் ஐம்பது தட்டை அலசச் சொன்னால் யார்தான் சுத்தமாக அலசுவார்?

நம்ம ஊர்ச் சாப்பாடு அழிகிறது என்கிறீர்கள். எது அண்ணாச்சி நம்ம ஊர்ச் சாப்பாடு? அல்வாவா? அதைக் கிண்டிப் பேர் வாங்கியவர்கள் வடக்கேயிருந்து வந்த சிங் குடும்பத்தார். தாமிரபரணித் தண்ணீர் பட்டதும் அது திருநெல்வேலிக்காரனாகிவிட்டது. பரோட்டா மாவுக்கான கோதுமையும் பொருநைக் கரையில் விளைந்ததில்லை. மோமோவும் இன்னும் முப்பது வருடத்தில் என்ன ஆகும் என்று யார் கண்டது. எனக்கு அது பிடிக்கவில்லை, வேகாத கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது. அது வேறு விஷயம். ஆனால் தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கும், வெயிலில் ஓலைப் பட்டையில் பதநீரும், ராத்திரி சுக்குக் காபியும் இன்றைக்கும் நமக்குத் தருவது தெருவோரம்தான். ஏசி ஹோட்டல் மெனுவில் பனங்கிழங்கைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம், பெண்கள் சமைப்பதை விட்டார்கள் என்று ஒரு வரி. அந்த வண்டிகளுக்கு மாவாட்டி, சட்னி அரைத்து அனுப்புவது யார் என்று விசாரித்தீர்களா? சரி, ஒன்று செய்யுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நீங்கள் சொதி வையுங்கள். தேங்காய் துருவி, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து, பாசிப்பருப்பு வேகவைத்து, காய் நறுக்கி, திரிந்துவிடாமல் இறக்கி, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் அரைத்து முடித்தபின் எத்தனை மணி என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.