மாவட்ட நிலை ஒன்பது: மருத்துவபீடத்துக்கு அழைப்பு வருமா?

உயர்தரத்துக்குப் பின்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் உயிரியல் பிரிவில் முல்லைத்தீவு மாவட்டத்தில் 9ஆம் நிலை. போன வருட மருத்துவ வெட்டுப்புள்ளியைவிட அவளுடைய இசட் புள்ளி 0.0612 குறைவு. ரியூசன் ஆசிரியர் ஒருவர் "வெற்றிடம் நிரப்பும்போது கட்டாயம் வரும்" என்கிறார். அயலில் உள்ளவர்கள் ஆசையை விடச் சொல்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?
— ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: இருவர் சொல்வதையும் தள்ளி வையுங்கள், அம்மா. உங்கள் கையில் இருக்கும் எண்களில் பயன்படுவது 0.0612 அல்ல, 9 தான். சின்ன மாவட்டத்தில் புள்ளி இடைவெளியைப் பார்க்கக்கூடாது, தலைகளை எண்ணவேண்டும்.

போன வருட வெட்டுப்புள்ளி என்பது அந்த மாவட்டத்திலிருந்து கடைசியாகத் தெரிவான ஒரு பிள்ளையின் புள்ளி. கொழும்பிலோ கம்பஹாவிலோ அந்தக் கோட்டுக்குக் கிட்ட நிறையப் பேர் நெருக்கமாக நிற்பார்கள், அதனால் கோடு வருடா வருடம் அதிகம் அசையாது. முல்லைத்தீவில் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வந்த பிள்ளை அந்த வருடம் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் கோடு மேலே போகும், இல்லாவிட்டால் இறங்கும். ஒரு வருடக் கோட்டை வைத்து அடுத்த வருடத்தை அளக்க முடியாது. ஐந்து வருடக் கோடுகளை எடுத்து, ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் பாருங்கள். மகளின் புள்ளி இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்தால் கணக்குப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கணக்கு இப்படி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு கற்கைநெறிக்கும் உள்ள இடங்களில் 40 சதவீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையில் கொடுக்கிறது. 55 சதவீதம் வரை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதத்தில் போகிறது. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு, அவற்றின் சனத்தொகை விகிதத்தில். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அந்த 16க்குள் இருக்கின்றன.

மருத்துவத்துக்கு நாடு முழுவதும் 2,000 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 55 சதவீதம் 1,100. 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவின் சனத்தொகை 92,238, நாட்டினது 20,359,439. விகிதம் 0.45 சதவீதம். ஆகவே 1,100 இல் சுமார் 5 இடம். பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய 100 இடத்தில் முல்லைத்தீவின் பங்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும். மொத்தம் 6. இதே வழியில் கணக்கிட்டால் கிளிநொச்சிக்கு 7க்கும் 8க்கும் இடையில் வரும். உங்கள் வருடத்துக்குரிய மொத்த இடங்களை அனுமதிக் கைநூலில் பார்த்து, புதிய சனத்தொகைத் தொகையையும் போட்டு நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். தசமத்தை எந்தப் பக்கம் முழுமையாக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு இடம் கூடலாம், குறையலாம். உங்கள் மகளுக்கு அந்த ஒன்றே எல்லாம்.

இனி மகளுக்கு மேலே இருக்கும் எட்டுப் பேரை ஒவ்வொருவராகப் பாருங்கள். வன்னியில் இது முடியாத காரியம் அல்ல. உயிரியல் பிரிவு நடக்கும் பாடசாலைகள் குறைவு, அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளைத் தெரியும். முதலாம் நிலைப் பிள்ளை அகில இலங்கைத் திறமையிலேயே தெரிவாகுமானால் அது மாவட்டக் கோட்டாவில் இடம் பிடிக்காது, அந்தப் பிள்ளையை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்து, பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவர் யாராவது இருக்கிறாரா? அவரும் உயிரியல் பிரிவு நிலைவரிசையில்தான் நிற்பார். ஆனால் மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும் என்பதால் அவர் போட்டியில் இல்லை. இந்த ஒன்றைக் கவனிக்காமல் மனமுடைந்துபோகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படி ஒருவரும் ஒருவருமாக இரண்டு பேர் கழிந்தால் மிச்சம் ஆறு பேர், ஆறு இடம். உங்கள் மகள் வரிசையில் அடுத்தவர்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வெளிமாவட்டத்தில் பரீட்சை எழுதி, ஆனால் அனுமதிக்கு முல்லைத்தீவு மாவட்டத்தவராகக் கணிக்கப்படும் பிள்ளைகள் உங்கள் மாவட்ட நிலைவரிசையில் தெரியாமல் இருக்கலாம். யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைகளில் படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளை விசாரித்து அவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

வெற்றிடம் பற்றி. முல்லைத்தீவுக் கோட்டாவில் தெரிவான ஒருவர் பதியாமல் விட்டால்தான் உங்கள் வரிசை நகரும். மருத்துவம் கிடைத்தும் பதியாமல் விடுவோர் குறைவு, வெளிநாட்டுப் புலமைப்பரிசில் கிடைத்தவர், குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர் போன்றோரே. சபரகமுவவில் கிடைத்தவர் யாழ்ப்பாணத்துக்கு மாறினால் வெற்றிடம் ஒன்று விழுகிறது என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அது இடமாற்றம் மட்டுமே, மருத்துவ இடம் ஒன்றுகூடக் கூடுவதில்லை. ஆகவே "கட்டாயம் வரும்" என்பது தவறு. வரிசையில் முதலாவதாக நிற்பவருக்கு "ஆசையை விடு" என்பதும் தவறு. இதே மாவட்டத்தில் 13ஆம், 14ஆம் நிலையில் இருந்து யாராவது கேட்டிருந்தால், வேறு வழியைப் பாருங்கள் என்று நேரடியாகச் சொல்லியிருப்போம்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். விடைத்தாள் மீள்பரிசீலனைக்குத் திகதி இருக்கிறதென்றால் விண்ணப்பியுங்கள். இசட் புள்ளி என்பது ஒவ்வொரு பாடத்திலும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்பதை நியம விலகலால் பிரித்து, மூன்று பாடத்துக்கும் எடுக்கும் சராசரி. ஒரு பாடத்தின் நியம விலகல் 15 என்றால், அந்தப் பாடத்தில் 3 புள்ளி கூடினால் 0.2 வரும், மூன்றால் பிரித்தால் 0.0667. உங்கள் இடைவெளி 0.0612. கூட்டலில் விடுபட்ட ஒரு சின்னக் கேள்வி போதும். கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. கேட்காமல் விடக்கூடாது என்பதுதான்.

கேள்வி: வெட்டுப்புள்ளி அட்டவணையில் கிளிநொச்சி நிரலில் மருத்துவத்துக்குப் பல இடங்களில் "என்.கியூ.சி" என்று இருக்கிறது. அப்படியென்றால் நமக்கு அங்கே இடமே இல்லையா? விருப்ப ஒழுங்கில் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் மட்டும் போட்டால் போதுமா?
— மாணவி, தருமபுரம்

பதில்: தங்கச்சி, போதாது. நம் பக்கத்தில் பிள்ளைகள் இடத்தைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

அந்த எழுத்துகள் வந்தால், கிளிநொச்சியிலிருந்து அந்த வருடம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு யாரும் தெரிவாகவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு மூடியிருக்கிறது என்பதல்ல. ஏழெட்டுப் பேர் போகும் மாவட்டத்தில் எல்லா மருத்துவபீடத்துக்கும் ஆள் போக முடியாதுதானே. நீங்கள் பார்க்கவேண்டியது, மருத்துவத்துக்குரிய எல்லா வரிசைகளிலும் கிளிநொச்சி நிரலில் உள்ள ஆகக் குறைந்த புள்ளி. அதுதான் உங்கள் மாவட்டத்தின் மருத்துவக் கோடு. யாழ்ப்பாண வரிசையில் மட்டும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு "எனக்குக் கிடைக்காது" என்று முடிவெடுத்தால் அது பிழையான முடிவு.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு யுனி கோட் உண்டு. அவற்றை உங்கள் விருப்ப ஒழுங்கில் எழுதுகிறீர்கள். தெரிவின்போது உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, உங்கள் புள்ளி எட்டும் முதலாவது இடத்தைத் தருகிறார்கள். எட்டாத ஒன்றை மேலே போட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோவதில்லை. ஆகவே ஊகித்து ஒழுங்கை மாற்றவேண்டாம். உண்மையிலேயே எதை விரும்புகிறீர்களோ அதே ஒழுங்கு. மருத்துவம்தான் முதல் விருப்பம் என்றால் ருகுணு, ரஜரட்ட, சபரகமுவ, வயம்ப உட்படக் கைநூலில் உள்ள மருத்துவக் கோட் அத்தனையையும் எழுதி முடித்த பிறகே வேறு கற்கைநெறிக்கு இறங்குங்கள். எல்லா மருத்துவபீடத்திலும் படிப்பு ஆங்கிலத்தில்தான், சிங்களம் தெரியாதென்ற பயத்தில் தெற்கில் உள்ளவற்றை விடவேண்டாம். பேச்சுச் சிங்களம் வார்ட்டில் தேவைப்படும், அதைப் போய்ப் பழகலாம்.

கடைசியாக ஒன்று, விண்ணப்பத்தில் கொடுத்த கைப்பேசி இலக்கத்தை மாற்றாதீர்கள். ரியூசன் நிலையத்தின் இலக்கத்தையோ தொடர்புச் சேவை நடத்துபவரின் மின்னஞ்சலையோ கொடுக்கவேண்டாம். பதிவுக்குத் தரும் நாட்கள் குறைவு.

கேள்வி: மகன் சாதாரண தரம் வரை புதுக்குடியிருப்பில் படித்தான். உயர்தரம் யாழ்ப்பாணத்தில். எந்த மாவட்டக் கோட்டா? நாங்கள் முல்லைத்தீவு என்று போட்டுவிடலாமா?
— ஒரு தந்தை, புதுக்குடியிருப்பு

பதில்: ஐயா, வீடு எங்கே என்பதை மட்டும் வைத்து நீங்களாக ஒன்றைப் போட்டுவிடக்கூடாது. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை எங்கே படித்தான் என்பதை வைத்து மாவட்டம் பார்க்கப்படும். உயர்தரப் படிப்பு அந்த மூன்று வருடத்தை முழுதாக நிரப்பாவிட்டால், உங்கள் மகனுக்கு அது இரண்டு மாவட்டத்திலும் விழும்.

செய்யவேண்டியது இது. இரண்டு பாடசாலையிலும் சேர்ந்த திகதி, விலகிய திகதி இரண்டும் தெளிவாக உள்ள சான்றிதழை அதிபரிடம் எடுங்கள். விடுகைப் பத்திரத்தில் உள்ள திகதியும் புதிய பாடசாலையின் சேர்வு இடாப்பில் உள்ள திகதியும் பொருந்தவேண்டும். இடையில் மூன்று மாதம் காணாமல் போயிருந்தால் அங்கேதான் கேள்வி எழும். கிராம அலுவலர் சான்றிதழையும் அதே வருடங்களுக்குரிய வாக்காளர் இடாப்புப் பிரதிகளையும் சேர்த்து வையுங்கள். இரு பாடசாலையையும் மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். பிழையான மாவட்டத்தில் தெரிவாகி, பின்னர் சான்றிதழ் சரிபார்க்கும்போது இடம் போனால், அந்த வருடமே போய்விடும். ஆணைக்குழு பிழையான மாவட்டத்தில் சேர்த்துவிட்டது என்று தெரிந்தால் மேன்முறையீடு செய்யலாம், அப்போதும் கைகொடுப்பது இந்தத் திகதிகள்தான்.

கேள்வி: மருத்துவத்துக்குக் கொஞ்சம் குறைவு. யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் கிடைக்கும்போல் இருக்கிறது. பதிவதா, மூன்றாம் தடவை எழுதுவதா?
— மாணவன், செட்டிகுளம்

பதில்: தம்பி, பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தில் மூன்று தடவைதான் கணக்கு, அடுத்தது உங்கள் கடைசித் தடவை. முதலில் ஒரு நடைமுறைக் காரியம்: அடுத்த பரீட்சைக்கான விண்ணப்ப முடிவுத் திகதி பல வருடங்களில் வெட்டுப்புள்ளி வெளியாகமுன்னரே முடிந்துவிடுகிறது. ஆகவே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். அதனால் எதுவும் இழப்பில்லை.

பதிவு அப்படியல்ல. ஒரு பெறுபேற்றில் பல்கலைக்கழகத்தில் பதிந்தவர் பின்னைய பெறுபேற்றைக் காட்டி மறுபடி தெரிவாவதற்குக் கட்டுப்பாடு உண்டு. கைநூலில் அந்தப் பந்தியையும் வெற்றிடம் நிரப்பும் பந்தியையும் பதிவுப் பணம் கட்டமுன் வாசியுங்கள். "பதிந்துவிட்டு எழுதிப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம்.

எங்கள் கருத்து: முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையில் உங்கள் இசட் புள்ளி எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். நன்றாக ஏறி, இப்போது மாவட்டக் கோட்டுக்கு ஒன்றிரண்டு பேர் மட்டுமே இடையில் நின்றால், ஒரு வருடத்தைக் கொடுக்கலாம். ஏறவே இல்லையென்றால் மூன்றாவது வருடமும் அதே ரியூசன் வகுப்பில் அதே குறிப்பை எழுதுவதால் மாறப்போவதில்லை. எந்தப் பாடம் உங்களை இழுக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். வன்னியில் பெரும்பாலும் அது பௌதிகவியல், நிரந்தர ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் தரம் 12 முழுவதும் அப்படியே கழிந்திருக்கும். அந்த ஒரு பாடத்துக்கு நல்ல வழிகாட்டல் கிடைத்தால் மட்டும் மூன்றாம் தடவை பயன் தரும். மற்றபடி ஆய்வுகூட விஞ்ஞானம் நல்ல படிப்பு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் உள்ள பொது வைத்தியசாலைகளில் வைத்தியர் என்ன மருந்து எழுதுவதென்று தீர்மானிப்பது ஆய்வுகூடத்திலிருந்து வரும் தாளைப் பார்த்துத்தான்.

கேள்வி: வெளிநாட்டில் மருத்துவம் படிக்க இடம் எடுத்துத் தருவதாக ஒரு முகவர் முற்பணம் கேட்கிறார். அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் கட்டலாமா?
— ஒரு தாய், அடம்பன்

பதில்: கட்டமுன் மூன்று விடயம். அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவ சபையிடமே கேளுங்கள், முகவர் காட்டும் தாளை நம்பவேண்டாம். பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு மருத்துவ சபை கேட்கும் குறைந்த தகுதிக்கு எட்டுகிறதா என்றும் அங்கேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். படித்து வந்தபின் இங்கே தொழில் செய்வதற்குப் பதிவுப் பரீட்சை ஒன்றில் சித்தியடையவேண்டும், அதற்கு ஆகும் காலத்தையும் செலவையும் சேர்த்துத்தான் மொத்தக் கணக்குப் போடவேண்டும். பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுச் சான்றிதழ் மூலப்பிரதிகளை முகவரிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். வெற்றிடத்துக்கு அழைப்பு வந்தால் பதிவு நாளில் அவை உங்கள் கையில் இருக்கவேண்டும்.