சவுண்ட் கார்டை மாற்றினால் பாட்டின் தரம் காதுக்குத் தெரியும்படி உயருமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மேசைக் கணினி வைத்துக்கொண்டு, கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே அமைந்த ஒலி வசதியில் கர்நாடக இசையும் பழைய திரைப்பாடல்களும் கேட்டுவரும் நீங்கள், ஏறக்குறைய 200 வெள்ளி கொடுத்துத் தனியாக ஒரு சவுண்ட் கார்டு வாங்கிப் பொருத்தினால் வேறுபாடு தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணினி கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தயாரானதாக இருந்து, அதில் இரைச்சலும் இல்லை, ஒலிக்குறைவும் இல்லை என்றால், வேறுபாடு தெரியாது என்பதே என் பதில். இரைச்சலோ ஒலிக்குறைவோ இருந்தால் நன்றாகவே தெரியும். ஆகையால் நீங்கள் முதலில் செய்யவேண்டியது, பாட்டு ஓடாதபோது உங்கள் ஹெட்போனில் என்ன கேட்கிறது என்று பொறுமையாகக் கவனிப்பதுதான்.

நல்ல சவுண்ட் கார்டு போட்டால் ஒலி தானாக உயரும் என்ற நம்பிக்கை நம் ஊரில் வலுவாக இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. அந்தப் பொருளை உலகறியச் செய்ததே சிங்கப்பூர் நிறுவனம். சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற தன் சவுண்ட் கார்டை முதன்முதலில் வெளியிட்ட காலத்தில், பெரும்பாலான பிசிக்களில் ‘பீப்’ என்று ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. அந்த முதல் அட்டை 8 பிட் ஒலியை ஒற்றைத் தடத்தில் தந்தது. 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16, சிடிக்கு நிகராக 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்ற அளவுக்கு வந்தது. ஒரு பிட் கூடினால் மிக உரத்த ஒலிக்கும் அடித்தள இரைச்சலுக்கும் இடையிலான தொலைவு சுமார் 6 டெசிபெல் கூடும் என்பதால், கோட்பாட்டளவில் 48 டெசிபெல்லாக இருந்தது 96 டெசிபெல்லாக உயர்ந்தது. எந்தப் பயிற்சியும் இல்லாத காதும் அந்த வேறுபாட்டை நொடியில் கண்டுகொண்டது. 2023 ஜனவரியில் சிம் வோங் ஹூ காலமான செய்தி வந்தபோது, என் வயதுக்காரர்கள் பலர் தங்கள் வீட்டுக்கு வந்த முதல் அட்டையை நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நன்றி எனக்கும் உண்டு.

ஆனால் அந்த ஏற்றம் காலத்துக்கும் தொடரக்கூடியது அன்று, ஏனென்றால் மனிதக் காதுக்கு ஓர் எல்லை உண்டு. இளம் வயதில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் காது, வயது ஏற ஏற மேல் எல்லையை இழந்துகொண்டே வருகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம், அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிவது, அந்த எல்லை முழுவதையும் தாங்கிவிடுகிறது. இதற்கிடையில், 1997இல் இன்டெல் வகுத்த ஏசி’97 முறையும் 2004இல் அதன் இடத்தைப் பிடித்த எச்டி ஆடியோ முறையும் ஒலிச் சிப்பை மதர்போர்டிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டன. தொடக்கத்தில் அவை மட்டமாகத்தான் இருந்தன. இன்று அப்படிச் சொல்ல முடியாது. நடுத்தர விலைக்கு மேற்பட்ட பல மதர்போர்டுகளில் இடம்பெற்ற ரியல்டெக் ஏஎல்சி1220 சிப்புக்கு, ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையிலான தொலைவாகத் தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவு 120 டெசிபெல். பலகையில் பொருத்திய பிறகு அந்த எண் குறையும் என்பது உண்மைதான். குறைந்த பிறகும் அது சிடியின் தேவைக்கு அருகிலோ அதற்கு மேலோ நிற்கிறது.

சிடி அளவே காதுக்குப் போதும் என்பதை வெறும் கணக்காக மட்டும் நான் சொல்லவில்லை. பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007இல் ஆடியோ என்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ வட்டுகளின் ஒலியை நேராகவும், 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருக்கிய பின்பும், எது எது என்று சொல்லாமல் கேட்கச் செய்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட முறை நடந்த அந்தச் சோதனையில் சரியான விடைகள் ஏறக்குறைய பாதிதான்; நாணயம் சுண்டிப் போட்டாலும் அதுவே வந்திருக்கும். அதிலுள்ள ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: ஒலியளவை மிக உயர்த்திவைத்து, இசை அடங்கிய பகுதிகளைக் கேட்டபோது மட்டும் சிடி அளவின் இரைச்சல் பிடிபட்டது. அதாவது, வேறுபாடு என்று ஒன்று வெளிப்படும்போது அது பெரும்பாலும் இரைச்சலாகவே வெளிப்படுகிறது. ‘துல்லியம்’, ‘உயிர்ப்பு’ என்று விளம்பரங்களில் சொல்லப்படுபவை அங்கே தலைகாட்டவில்லை.

எனவே உங்கள் கணினியிலும் இரைச்சலைத்தான் தேட வேண்டும். இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலியளவை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் இடத்தில் வைத்து, எதையும் ஓட்டாமல் இருங்கள். மவுஸை நகர்த்துங்கள், ஒரு பெரிய இணையப் பக்கத்தை மேலும் கீழும் உருட்டுங்கள். நகர்த்தும்போதெல்லாம் கீச்சென்றோ கரகரவென்றோ ஓர் ஒலி கூடவே வந்தால், கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும் மின்சாரத்தை ஏற்றி இறக்கி இழுப்பது உங்கள் ஒலிப் பாதையில் கசிகிறது என்று பொருள். பிறகு ஒரு தனி வீணைப் பதிவை ஓட்டி, மீட்டிய சுரம் தேய்ந்து மறையும் இடத்தை மட்டும் கேளுங்கள். இரைச்சலற்ற கணினியில் அந்தத் தேய்வு கடைசித் துளி வரை பிரிந்து கேட்கும். இரைச்சலுள்ள கணினியில் சுரம் பாதியிலேயே மணலுக்குள் போன நீர்போல் காணாமல் போகும். தம்புராவும் மிருதங்கமும் சேர்ந்து ஒலிக்கும் இடங்களில் இது தெரியவே தெரியாது. தனி வீணைதான் இதற்குச் சரியான பரிசோதனை.

இரைச்சல் இருப்பது உறுதியானால் உடனே கடைக்குப் போக வேண்டியதில்லை. உட்லண்ட்ஸில் இருக்கும் என் அண்ணன் மகன், சித்தப்பா வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று ஒரு விலையுயர்ந்த அட்டையைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவனுடைய ஹெட்போன் கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளையில் செருகியிருந்தது. முன்பக்கத் துளைக்குப் போகும் மெல்லிய கம்பி, மதர்போர்டின் ஓரத்திலிருந்து புறப்பட்டு, கிராஃபிக்ஸ் கார்டின் அடியிலும் விசிறிக் கம்பிகளின் நடுவிலும் புகுந்து வருகிறது. வழியில் இருக்கும் அத்தனை சலசலப்பையும் வாங்கிக்கொண்டுதான் காதுக்கு வந்து சேர்கிறது. பின்பக்கத்துப் பச்சை நிறத் துளைக்கு மாற்றியதும் கீச்சொலி பெருமளவு அடங்கியது. மீதியிருந்ததும், கைப்பேசிக்கென்று விற்கும் இருபது வெள்ளிக்கும் குறைவான சிறு யூஎஸ்பி ஹெட்போன் அடாப்டரைச் செருகியவுடன் நின்றுபோனது. விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கம்பிக்குள் இருப்பது முழுமையான ஒரு சவுண்ட் கார்டு. டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் டிஏசியும், ஹெட்போனை இயக்கும் சிறு ஆம்ப்ளிஃபயரும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பெட்டிக்கு வெளியே இருப்பதுதான் அதன் பலம். உள்ளே பொருத்தும் அட்டையோ, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், அதே கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்தில், அதே மின்வழங்கியை நம்பித்தான் உட்கார வேண்டும். தனியாக ஏதாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் யூஎஸ்பி வகையை வாங்குங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வகை இரைச்சலும் உண்டு; அதற்குச் சவுண்ட் கார்டு மருந்தாகாது. மின்சாரத்தில் இயங்கும் ஸ்பீக்கர்களைக் கணினியோடு இணைத்தவுடன் ‘ம்ம்ம்’ என்று அடங்காத ஒரு ரீங்காரம் கேட்டால், அது பெரும்பாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல்தான். கணினியும் ஸ்பீக்கரும் தனித்தனி வழியில் எர்த் ஆகும்போது, இரண்டுக்கும் இடையே ஆடியோ கேபிள் ஒரு வளையத்தை மூடிவிடுகிறது. இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகிப் பாருங்கள். அதிலும் போகவில்லை என்றால், ஸ்பீக்கரில் ஆப்டிகல் துளை இருக்கும்பட்சத்தில் ஆப்டிகல் கேபிளைப் பயன்படுத்துங்கள்; ஒளி வழியாகச் செல்லும் இணைப்பில் மின்தொடர்பே இல்லாததால் வளையம் அறுந்துவிடும்.

இரைச்சலுக்கு அடுத்தது ஒலியின் வலு. மின்தடை 32 ஓம் உள்ள சாதாரண ஹெட்போனுக்கு மதர்போர்டே போதும். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு ஒரு வோல்ட் கொடுத்தால் சுமார் 97 டெசிபெல் ஒலி வரும். மதர்போர்டுகள் பல ஏறக்குறைய அந்த ஒரு வோல்ட்டையே உச்சமாகத் தருகின்றன. உரத்துப் பதிவுசெய்யப்பட்ட இக்காலத் திரைப்பாடலுக்கு அது தாராளம். கச்சேரிப் பதிவில் சராசரி ஒலி உச்சத்தைவிட 20 டெசிபெல் கீழே இருப்பது சாதாரணம் என்பதால், ஒலியளவை முழுவதும் ஏற்றியும் போதவில்லையே என்று தோன்றலாம். அங்கே ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் உள்ள யூஎஸ்பி டிஏசி உண்மையாகவே உதவும். இதற்கு நேர்மாறான சிக்கல் மின்தடை மிகக் குறைந்த இயர்போன்களில் வரும். ஒலி வெளிவரும் துளையின் சொந்த மின்தடை, ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. சில மதர்போர்டுகளில் அது 75 ஓம் வரை இருக்கிறது. அதில் பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் சிறு பாகங்கள்) கொண்ட 16 ஓம் இயர்போனைச் செருகினால், சில சுருதிகள் தூக்கலாகவும் சில அமுங்கியும் கேட்கும். இது கற்பனை அன்று. அளந்து காட்டக்கூடிய வேறுபாடு.

அப்படியானால் புதிய அட்டை வாங்கிய அத்தனை பேரும் ‘அடேங்கப்பா, என்ன மாற்றம்!’ என்று எழுதுவது எப்படி? அவர்கள் பொய் சொல்லவில்லை. புதிய அட்டை பெரும்பாலும் பழையதைவிடச் சற்று உரக்க ஒலிக்கிறது. உரக்க ஒலிப்பதை நம் காது ‘நன்றாக ஒலிப்பது’ என்று எடுத்துக்கொள்கிறது. அதோடு, அட்டையுடன் வரும் மென்பொருளில் பாஸ் கூட்டல், சரவுண்ட், ஒலிக்கு மெருகேற்றும் வசதி ஆகியவை முன்கூட்டியே இயக்கப்பட்டிருப்பதும் உண்டு. நேர்மையாக ஒப்பிட விரும்பினால் அவற்றையெல்லாம் அணைத்துவிட்டு, 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்டி, இரண்டு வெளியீட்டின் வோல்ட்டேஜையும் மல்டிமீட்டரால் அளந்து சமப்படுத்துங்கள். வேறுபாடு ஒரு சதவீதத்துக்குள், அதாவது சுமார் 0.1 டெசிபெல்லுக்குள், இருக்க வேண்டும். பிறகு வீட்டில் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிச் செருகச் சொல்லுங்கள். என் அண்ணன் மகனுக்கு அப்படிச் செய்து காட்டினேன். பின்பக்கத் துளையையும் அடாப்டரையும், பாட்டு ஓடும்போது அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாட்டு நின்ற இடங்களில் மட்டும் சொன்னான்.

கணினி விளையாட்டுகளுக்காகக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருகாலத்தில் முப்பரிமாண ஒலிக் கணக்கைச் சவுண்ட் கார்டே செய்தது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா அந்த நேரடிப் பாதையை நீக்கிவிட்டது. அதன்பின் அந்த வேலை பிராசசருக்குப் போய்விட்டதால், அதற்காகவும் அட்டை வாங்க வேண்டியதில்லை.

உங்கள் 200 வெள்ளியை எங்கே போடலாம் என்றால், காதுக்கு மிக அருகில் இருக்கும் பொருளில் போடுங்கள். இரண்டு டிஏசிகளுக்கு இடையிலான வேறுபாட்டை அளக்க நுட்பமான கருவி வேண்டும். இரண்டு ஹெட்போன்களுக்கு இடையிலான வேறுபாட்டை என் அம்மாவே சொல்லிவிடுவார். சிட்டி ஹாலுக்கு அருகில் அடெல்ஃபி கட்டடத்தில் இருக்கும் ஆடியோ கடைகளில், மரியாதையாகக் கேட்டால் போட்டுக் கேட்க விடுவார்கள். நீங்கள் மனப்பாடமாக அறிந்த நான்கைந்து பாடல்களைக் கைப்பேசியில் கொண்டுபோங்கள். விற்பனையாளர் தேர்ந்தெடுத்துத் தரும் பாட்டில் எல்லா ஹெட்போனும் அருமையாகத்தான் இருக்கும். ஸ்பீக்கரில் கேட்பவராயின், கான்கிரீட் சுவரும் ஓடு பதித்த தரையும் உள்ள நம் வீவக அறைதான் ஒலியை அதிகம் கெடுக்கிறது. ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து நகர்த்திக் காது உயரத்துக்குக் கொண்டுவந்து, தரையில் ஒரு கம்பளம் விரித்தாலே வரும் தெளிவை எந்த அட்டையாலும் தர முடியாது. பழைய பாடல்களைப் பொறுத்தவரை, அவற்றின் கரகரப்பு பதிவிலேயே இருக்கிறது. யாரோ எப்போதோ 128 கிலோபிட்டில் சுருக்கிய எம்பி3 கோப்பில் தொலைந்துபோன ஒலியைப் புதிய அட்டை மீட்டுத் தராது. அதே பாட்டின் நல்ல பதிப்பைத் தேடிப் பிடிப்பதே வழி.

வாங்கும் முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். புளூடூத் ஹெட்போன், யூஎஸ்பி ஹெட்செட், எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சி ஆகிய மூன்றிலும் டிஏசி அந்தந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. கணினியில் பொருத்திய அட்டை அங்கே வேலையே செய்யாது.

உங்கள் மகள் வீணை கற்றுக்கொள்வதாகவும், அவள் வாசிப்பதைப் பதிவுசெய்ய விரும்புவதாகவும் கேள்வியின் கடைசி வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். பதிவு செய்வதென்றால் என் பதில் முற்றிலும் மாறும். மதர்போர்டின் மைக் துளை மிக மெலிந்த சமிக்ஞையைப் பெரிதாக்க வேண்டியிருப்பதால், அதோடு சேர்த்து இரைச்சலையும் பெரிதாக்கிவிடுகிறது; நல்ல கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட்டும் அதிலிருந்து வராது. அதற்கு ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் போன்ற ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் வெளிப் பெட்டி, வாங்குங்கள். அதன் ஹெட்போன் துளையையே பாட்டுக் கேட்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம். வாங்கும்போது, மைக்கின் ஒலியை நேராக ஹெட்போனுக்குத் தரும் ‘டைரக்ட் மானிட்டர்’ வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் மகள் மீட்டும் சுரம் கணினிக்குள் போய்த் திரும்பிவரும் தாமதத்தோடு அவள் காதில் விழுந்து, தாளத்தைக் குலைக்கும்.